மெழுகுக்கு எது பகை

மெழுகுக்கு எது பகை என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் நெருப்பு என்றுதான் சொல்வார்கள். நீங்களும் அதைத்தான் நினைத்தீர்கள், மேடம். வாய் திறக்கவில்லை, ஆனால் புருவம் சொல்லிவிட்டது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மெழுகு நெருப்பைக் கண்டு ஓடுவதில்லை. நெருப்புக்கு உட்கார இடம் கொடுத்து, சாப்பாடும் போட்டு, வெகுநேரம் வைத்துக் காப்பாற்றுவதே மெழுகுதான். மெழுகுக்கு உண்மையான பகை பனி. பனியில் அது விறைத்து, கீறல் விட்டு, உடைந்துபோகும். நான் இப்படி எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் இணையக் குழுவில் வக்கீல் என்று ஒருத்தர் வாயடைத்துப்போனார். அவர் நிஜ வக்கீல் இல்லை. எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி போடுவதால் வந்த பட்டப்பெயர். என்னை எல்லாரும் ஜோசியர் என்பார்கள்.

உங்களுக்கு இந்த வீடியோ விளையாட்டெல்லாம் பழக்கமில்லை என்று நினைக்கிறேன். குட்டிப் பூதங்களைப் பிடிக்க வேண்டும், வளர்க்க வேண்டும், மற்றவர்களின் பூதங்களோடு மோதவிட வேண்டும். அவ்வளவுதான். ஒவ்வொரு பூதமும் ஒரு வகை. நெருப்பு வகை புல்லை எரிக்கும், புல் நீரை உறிஞ்சும், நீர் நெருப்பை அணைக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய பாகம் வரும். எப்போதாவது அதோடு ஒரு புதிய வகையும் வரும். அது வீட்டுக்குப் புது மருமகள் வருகிற மாதிரி. யார் யாரை அடக்குவது, யார் யாருக்குப் பயப்படுவது எல்லாம் முதலிலிருந்து மாறிப்போகும். அந்த வகை என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே ஊகிப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. சின்னப் பிள்ளைகள் என்று நினைக்காதீர்கள். பல் டாக்டர் இருக்கிறார், பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒலி என்றார்கள், கண்ணாடி என்றார்கள், தூசி என்றார்கள். நான் துரு என்று சொல்லிவந்தேன். இரும்பு வகையைத் தட்டிக்கேட்க ஆளே இல்லாமல் இருந்தது. துரு வந்தால் இரும்பின் கொட்டம் அடங்கும். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

பிழைப்புக்கு நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறேன். வருகிறவரை உட்காரவைத்து, கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்கிற வேலை. ஒரு விஷயம் சொல்கிறேன், யாரும் பதில் சொல்லக்கூடத் தேவையில்லை. சரியான சில்லு வந்ததும் நெற்றி தளர்ந்துவிடும். பொய் சொல்கிறவர்களும் உண்டு. கண்ணாடி போட வெட்கப்பட்டுக்கொண்டு எல்லாமே தெளிவு என்பார்கள். நெற்றியைப் பார்த்தே நான் நம்பரை எழுதிவிடுவேன்.

என் மனைவி அந்த விளையாட்டைச் சோதிக்கும் அறையில் வேலை பார்த்தாள். முழுதாக முடியாத விளையாட்டைக் காலையிலிருந்து மாலைவரை ஆடிப்பார்த்து, எந்தப் பூதம் சுவரில் சிக்கிக்கொள்கிறது, எந்தக் கதவு திறக்கவில்லை என்று எழுதித்தர வேண்டும். உள்ளே போகும்போது செல்போனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பக்கத்து மேசைக்காரியின் திரைகூடத் தெரியாதபடி தடுப்பு. அவள் வேலையைப் பார்த்துத்தான் நான் அவளைக் கட்டிக்கொண்டேன் என்று என் மச்சினன் உங்களிடம் சொல்லியிருப்பான். அது அபாண்டம். கல்யாணமான பிறகுதான் அவள் அங்கே சேர்ந்தாள். விளம்பரத்தைப் பார்த்து அவளிடம் காட்டியது நான், அது உண்மை.

அவளுக்கு அந்த விளையாட்டு பிடிக்காது. வீட்டுக்கு வந்தால் பூதம் என்ற சொல்லைக் கேட்டாலே தலை வலிக்கிறது என்பாள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். நான் வற்புறுத்தியதில்லை. சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக ஒவ்வொரு வகையாகச் சொல்லுவேன். ஒலியாக இருக்குமோ, கண்ணாடியாக இருக்குமோ. சொல்லிவிட்டு நெற்றியைப் பார்ப்பேன். நாளாக ஆக அவள் குனிந்தே சாப்பிட ஆரம்பித்தாள். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒருநாள் அங்கிருந்தே கேட்டாள்.

"என்னை ஏன் இப்படி உத்து உத்துப் பாக்கறீங்க? நான் என்ன உங்க கடைக்கு வந்த ஆளா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வேலை போனாக்கூடப் போகட்டும். என்னை நம்பிக் குடுத்திருக்காங்க. எங்கிட்ட இருந்து ஒண்ணும் வராது."

புருஷனிடம் மறைக்கிற பெண்ணைப் பற்றி நான் என்ன நினைக்க முடியும், சொல்லுங்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். இதை மறைக்கிறவள் வேறு எதையெல்லாம் மறைப்பாள் என்று. அவள் கைப்பையைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அவள் தம்பியோடு பேசும்போது கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். வாடகை, முதுகுவலி, அவன் ஓட்டுகிற பஸ்ஸின் பிரேக். உருப்படியாக ஒன்றும் இல்லை.

அவளுக்குக் காய்ச்சல் வந்தால் உளறுவாள். இது எனக்குப் போன பாகம் வரும்போதே தெரிந்த விஷயம். அப்போது சாதாரணக் காய்ச்சல், மத்தியானம் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். பனியைப் பார்த்து மின்னல் பயப்படுகிறது, அதை எழுதிக்கொள்ளுங்கள் என்று யாரிடமோ சொன்னாள். குழுவில் எழுதினேன். எல்லாரும் கேலி செய்தார்கள். பாகம் வந்தபோது அப்படியே இருந்தது. ஜோசியர் என்ற பெயர் அப்போது வந்ததுதான். கடையில் என்னை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை, மேடம். அந்தக் குழுவில் நான் ஒரு வரி எழுதினால் நூறு பேர் காத்திருந்து படித்தார்கள்.

இந்த முறை அவளுக்கு வந்தது நெஞ்சுச்சளியோடு கூடிய காய்ச்சல். டாக்டர் மாத்திரை கொடுத்தார். உள்ளே மருந்துப் பொடி இருக்கும் கேப்சூல் மாத்திரை. நடுவில் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று என்னிடம்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். மாத்திரையை வேளை தவறாமல் நான்தான் கொடுத்தேன். அக்கம்பக்கத்தில் கேட்டுப்பாருங்கள், ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

மருந்து நன்றாக வேலை செய்தது. அதுதான் சிக்கல். மறுநாளே சூடு இறங்கி, எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். எனக்கு வருத்தமாக இருந்தது. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அந்த வாரம்தான் வக்கீல் குழுவில் எழுதியிருந்தார், ஜோசியருக்கு ஒருமுறை பலித்தது குருட்டு அதிர்ஷ்டம், இந்த முறை தப்பினால் கடையைக் கட்டட்டும் என்று. நூறு பேரும் அதற்குக் கைதட்டினார்கள்.

மாத்திரையைப் பிரித்து, பொடியைக் கொட்டிவிட்டு, சோளமாவு அடைத்து மூடினேன். சோளமாவு யாருக்கும் கெடுதல் செய்யாது. கண்ணாடிக் கடைக்காரனுக்குக் கைநடுக்கம் கிடையாது, பார்த்தால் வித்தியாசமே தெரியாது. நான் அவளுக்கு எதையும் கொடுக்கவில்லை, மேடம். இதை நீங்கள் கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கொடுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். ஒன்றிரண்டு நாள் தாமதம், பிறகு உண்மையான மருந்தைக் கொடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. கொட்டிய பொடியைக்கூட ஒரு கிண்ணத்தில் மூடி வைத்திருந்தேன்.

காய்ச்சல் திரும்பி வந்தது. கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒலியா, கண்ணாடியா. கண்ணாடியா, தூசியா. துருவா. துரு என்றபோது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்தச் சூட்டிலும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் ஈரத்துணியை மாற்றினேன்.

மச்சினன் வந்தான். அவனுக்கு எப்போதும் என் மேல் ஒரு கண். பஸ் ஓட்டுகிறவன், பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கிற மாதிரியே ஆளையும் பார்ப்பான். அக்காவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாத்திரைக் குப்பியை எடுத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"மாமா, மாத்திரை ஒழுங்காக் குடுக்கறீங்கதானே?"

"எண்ணிப் பாரேன்," என்றேன்.

எண்ணினான். கணக்கு சரியாக இருந்தது. ஆனாலும் குப்பியைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடலாம், வண்டி கொண்டுவருகிறேன் என்றான். நாளைக்குப் பார்க்கலாம், டாக்டர் மாத்திரையை முடிக்கச் சொல்லியிருக்கிறார் என்றேன். டாக்டர் பேரைச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். அவள் அப்போது அவன் கையைப் பிடித்து இழுத்தாள். ஏதோ சொல்ல வந்தாள், இருமல் வந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. அவனைப் போகவிட அவளுக்கு மனம் இல்லை என்பது மட்டும் பார்த்தாலே தெரிந்தது.

அன்றைக்கே அவனோடு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை, ஏனென்றால் காலையிலிருந்து அவள் உளற ஆரம்பித்திருந்தாள்.

அவன் போன பிறகு, மத்தியானம், தெளிவாகச் சொன்னாள். மெழுகுப் பூதம் சுவருக்குள்ளே போய்விட்டது, வெளியே வரமாட்டேன் என்கிறது, மெழுகு வகை எல்லாமே அப்படித்தான் சிக்கிக்கொள்கிறது. திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். யாராவது அதை வெளியே எடுங்கள் என்றாள்.

நான் அடுத்த அறைக்குப் போனேன். மெழுகு. துரு இல்லை என்பதில் கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனால் யோசிக்க யோசிக்க அழகாக இருந்தது. மின்னல் மெழுகுக்குள் பாயாது. நீர் ஒட்டாது. நெருப்பு அதனால் பலம் பெறும். வக்கீல் எந்தப் பக்கத்தில் ஓட்டை போடுவார் என்று யோசித்து யோசித்து எழுதினேன். நிதானமாக, பிழை திருத்தி எழுதினேன். அவள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. இதோ வருகிறேன் என்றேன். பனி பற்றிய பத்தி இன்னும் முடியவில்லை. முடித்து, அனுப்பிவிட்டு, முதல் கைதட்டல்கள் வருவதைப் பார்த்துவிட்டு உள்ளே போனேன். மூச்சு வேறு மாதிரி இருந்தது. உதடு நீலமாகியிருந்தது. உண்மையான பொடியைத் தண்ணீரில் கலக்கி வாயில் ஊற்றினேன், கடைவாயில் வழிந்துவிட்டது. வண்டியைக் கூப்பிட்டது நான்தான். மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்கியதும் நான்தான்.

ஆஸ்பத்திரியில் ரொம்பத் தாமதமாகக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார்கள். அவள் மறுநாள் இறந்துபோனாள். மச்சினன் அழவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்ததும் மாத்திரைக் குப்பியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், தடுக்கவில்லை. தடுத்தால் சந்தேகம் வரும்.

அதற்குள் அவள் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ரகசியத்தை அவள் விற்றுவிட்டாள் என்றார்கள். இறந்தவளைப் பற்றி, என் வாசலில் நின்றுகொண்டு. எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை, சுயநினைவு இருந்தவரை ஒரு எழுத்து சொல்லவில்லை என்று கத்தினேன். மச்சினன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சுயநினைவு இருந்தவரை என்றால் என்ன அர்த்தம், மாமா என்றான். அதோடு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டான்.

எப்படி அவ்வளவு சீக்கிரம் அவள்தான் என்று கண்டுபிடித்தார்கள் என்று எனக்குப் புரியாமலே இருந்தது. நேற்று நீங்கள்தான் விளக்கினீர்கள். சோதனை அறையில் ஒவ்வொரு மேசைக்கும் ஒவ்வொரு பொய் வகையை வைத்திருந்தார்களாம். ஒரு மேசைக்கு ஒலி, ஒரு மேசைக்குத் தூசி. எது வெளியே வருகிறதோ அதை வைத்து யார் வாய் திறந்தார்கள் என்று பிடித்துவிடலாம். மெழுகு அவள் மேசையில் மட்டும். அவளுக்கே அது பொய் என்று தெரியாது. நிஜ வகையை அந்த அறையில் ஒருத்தரும் பார்த்ததில்லை.

இதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. ஆட்களை நம்பாமல் இப்படி வேலை வாங்குகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது. அவள் அவர்களை எவ்வளவு நம்பினாள். இல்லாத ஒன்றை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறாள். இப்படி ஏமாற்றலாமா ஒரு பெண்ணை.

மாத்திரையை மாற்றியது நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் வைத்ததும் நான்தான். அவள் கூப்பிட்டபோது போகாமல் எழுதிக்கொண்டிருந்ததும் நான்தான். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன், காகிதத்தைக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்ன உதவி, மேடம். நீங்கள் கம்பெனிக்காரர்களிடம் பேசியிருப்பீர்கள். அந்த நிஜ வகை எது என்று மட்டும் சொல்லுங்கள். நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நீங்கள் வாய் திறக்கக்கூட வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. அவள் உயிரோடு இருந்திருந்தால் முதலில் அதைத்தான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டிருப்பாள்.

துருவா?