கத்திரிப்பூச் சுவர் வெளுத்த விதம்

சங்கிலிப்பாண்டி: ...குற்றாலநாதர் சாட்சி, குழல்வாய்மொழியம்மை சாட்சி, பத்தலைன்னா ஆரியங்காவு அய்யப்பனையும் சேர்த்துக்கோ தாயி. இனி நான் சொல்லப்போறது முச்சூடும் சத்தியம். ஒரு எழுத்து பொய்யா இருந்தா இந்தச் செவரு எந்தலையில விழட்டும்.

ஆனந்தவள்ளி: செவத்துக்குப் பக்கத்துல நின்னுல்லா சத்தியம் பண்ணணும் சித்தப்பா. நீங்க ரோட்டுல நிக்கிய.

சங்கிலிப்பாண்டி: பக்கத்துல நின்னா செவரு முழுசாத் தெரியாது.

ஆனந்தவள்ளி: எனக்குத் தெரியுது. ரெண்டு வருசத்துக்கு முன்ன கத்திரிப்பூ கலர் அடிச்சு, பளபளன்னு உங்க கையில விட்டுட்டுப் போனேன். இப்ப ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் வெங்காயத் தோலு, இந்த முன்செவத்துல மட்டும் திட்டுத் திட்டா... என்னமோ சரியில்ல.

குற்றாலீஸ்வரன்: முதல்லயே சொல்லிட்டு வந்திருக்கலாம்ல வள்ளி. தென்காசி பஸ் ஸ்டாண்டுல இறங்கிட்டுப் போன் பண்ணுத.

ஆனந்தவள்ளி: பொண்டாட்டி சொந்த வீட்டுக்கு வர புருசன்கிட்ட பெர்மிசன் வாங்கணுமா? பட்டாளத்துல இருந்து லீவுல வந்த மனுசன் மதுரையில எங்கூட இருக்காம, மேலகரத்துல எங்க சித்தப்பாகூட உக்காந்து என்ன பண்ணுதிய?

குற்றாலீஸ்வரன்: வீட்டைப் பார்த்துக்கிடுதோம்.

ஆனந்தவள்ளி: பார்த்த லட்சணந்தான் தெரியுதே. ரெண்டு பேருக்கும் வேர்த்து வேற ஊத்துது. சாரல் அடிக்குத நேரத்துல யாருக்கு வேர்க்கும்?

சங்கிலிப்பாண்டி: அது சாரல் தாயி. பார்க்க வேர்வை மாதிரி இருக்கும்.

ஆனந்தவள்ளி: சித்தப்பா, நான் எஸ்.ஐ. ஆகி எத்தனையோ பேரு முழிக்குத முழியைப் பார்த்தாச்சு. நேராச் சொல்லுதேன், கேட்டுக்கோங்க. செவரு ஏன் இப்படி ஆச்சுன்னு நான் நம்புத மாதிரி சொல்லணும். இல்லைன்னா சாவியைக் குடுத்துருங்க. வீட்டைப் பூட்டிட்டுப் போறேன்.

சங்கிலிப்பாண்டி: சாவியை வாங்கிட்டா நான் எங்கன போவேன்? எலத்தூர்ல மருமக வீட்டுலல்லா போய்க் கிடக்கணும். அவ விடியக்காலமே டி.வி.யில ராசிபலனைப் போட்டுருதா. எனக்கு இந்த வயசுல இனி என்ன பலன்... நீயே சொல்லு.

ஆனந்தவள்ளி: அப்ப நம்புத மாதிரி சொல்லுங்க. முதல்ல தெக்குச் செவரு.

சங்கிலிப்பாண்டி: வெயிலு. வருசத்துல பாதிக்கு மேல சூரியன் தெக்க சாய்ஞ்சுதான் போகுது. வடக்குச் செவரு நிழல்ல கிடக்கு, அங்கன கலர் நிக்குது. தெக்குச் செவரு காயுது, வெளுக்குது. போன மாசியில அங்கன ஒரு பல்லி ஏறிச்சு. ஏறும்போது நல்லாக் கறுத்த பல்லி. மொட்டை மாடிக்குப் போய்ச் சேருததுக்குள்ள வெள்ளைவெளேர்னு ஆயிட்டு. இறங்கி வந்தா பொஞ்சாதியே அதைச் சேர்த்துக்கிடல.

ஆனந்தவள்ளி: சித்தப்பா...

சங்கிலிப்பாண்டி: ரொம்ப நாளு எங்கூடத்தான் படுத்துக்கிட்டு இருந்துச்சு, பாவம்.

குற்றாலீஸ்வரன்: வெயிலுங்கது உண்மைதான் வள்ளி. ராஜஸ்தான்ல எங்க யூனிட் வண்டியில பெயிண்டே...

ஆனந்தவள்ளி: உங்ககிட்ட நான் கேக்கல. ஒருத்தரை விசாரிக்கும்போது இன்னொருத்தர் பேசப்படாது.

குற்றாலீஸ்வரன்: நான் சாட்சியா, குற்றவாளியா?

ஆனந்தவள்ளி: அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

சங்கிலிப்பாண்டி: கலரும் ஒரு காரணம் தாயி. கத்திரிப்பூ, ரோஸு, ரத்தச் செகப்பு, இதெல்லாம் வெயிலுக்குத் தாங்காது. சந்தனம், காவி, மண்ணு கலரு இதெல்லாம் நிக்கும். அன்னைக்கே சந்தனம் அடின்னு தலையால அடிச்சுக்கிட்டேன். நீ கேட்டியா? மதுரையில ஒரு இன்ஸ்பெக்டர் வீட்டைப் பார்த்துட்டு வந்து கத்திரிப்பூதான்னு நின்ன.

ஆனந்தவள்ளி: பழி எம்மேல வருது.

சங்கிலிப்பாண்டி: வரத்தானே செய்யும்.

ஆனந்தவள்ளி: சரி, மேக்குச் செவரு? கீழ பாசி. மேல கையை வச்சா மாவு மாதிரி ஒட்டிக்கிட்டு வருது.

சங்கிலிப்பாண்டி: மலைக்காத்து கணவாய் வழியா இறங்கி வந்தா முதல்ல மோதுதது அந்தச் செவத்துலதான். சீசன் முச்சூடும் நனைஞ்சு கிடக்கு, பாசி பிடிக்காம பவளமா பிடிக்கும்? அதுபோக, சிமெண்டு பூசுன ஈரம் காயல. நல்லாக் காய விட்டு, பிரைமர் அடிச்சு, அதுக்கு மேலல்லா கலர் ஏத்தணும். பால் காய்ச்சத் தேதி குறிச்சாச்சு, அடி அடின்னு நீதான் பறந்த. உள்ள இருந்த சுண்ணாம்புக் காரம் பொங்கி வந்து கலரைத் தின்னுட்டு.

ஆனந்தவள்ளி: இதுவும் என் தப்பா?

சங்கிலிப்பாண்டி: இது பாதிதான் உன் தப்பு. மீதியைக் காத்து கொண்டு போயிட்டு. போன ஆடியில அடிச்ச அடியில கலரு அப்படியே கழண்டு கிழக்க பறந்துச்சு. பாவூர்சத்திரத்துல ஒரு எருமை மேய்ஞ்சுக்கிட்டு நின்னுருக்கு. சாயங்காலம் தொழுவுக்கு வரும்போது கத்திரிப்பூ கலரு. சொந்தக்காரனுக்கே அடையாளம் தெரியல. அது குரலை வச்சுத்தான் உள்ள விட்டான்.

ஆனந்தவள்ளி: அந்த எருமையை நான் பார்க்கலாமா?

சங்கிலிப்பாண்டி: வித்துட்டானே. செங்கோட்டை தாண்டி மலையாளத்துக்குப் போயிட்டு. அங்கன இந்த நிறத்துக்கு நல்ல மரியாதையாம்.

ஆனந்தவள்ளி: ம்... வெயிலு, சாரல், ஈரம். இவ்வளவும் ஏத்துக்கிடுதேன். பல்லியும் எருமையும் தள்ளுபடி. இப்ப இந்த முன்செவத்துக்கு வாங்க. கிட்ட வாங்க... இன்னும் கிட்ட. மேல என்ன தெரியுது?

சங்கிலிப்பாண்டி: எனக்கு இந்தத் தூரத்துல சரியாத் தெரியல.

ஆனந்தவள்ளி: இப்பத்தானே தூர நின்னாத் தெரியும்னு சொன்னிய. கட்டில் அளவுக்கு நீளச்சதுரமா ஒரு எடம். அங்கன மட்டும் கலரு அன்னைக்கு அடிச்ச மாதிரியே இருக்கு. சுத்தி எல்லாம் வெளுத்துட்டு. அந்த எடத்தை மட்டும் வெயில் தொடலையா?

சங்கிலிப்பாண்டி: தேன்கூடு.

ஆனந்தவள்ளி: என்னது?

சங்கிலிப்பாண்டி: ஐந்தருவிப் பக்கம் இருந்து ஒரு கூட்டம் ஈ வந்து அடைஞ்சுது. கூட்டுக்குப் பின்னால வெயில் படல, மழை படல. மூடிக் கிடந்த எடம் வெளுக்காது, எந்தச் செவத்துக்கும் இதுதான் நியாயம்.

ஆனந்தவள்ளி: தேனீ எங்க சித்தப்பா கோடு போட்ட மாதிரி நீளச்சதுரமாக் கூடு கட்டும்?

சங்கிலிப்பாண்டி: இது படிச்ச ஈ. முன்னால காலேஜ் மரத்துல இருந்தது.

ஆனந்தவள்ளி: நாலு மூலையிலயும் ஆணி ஓட்டை இருக்கே.

சங்கிலிப்பாண்டி: கொட்டுன எடம்.

ஆனந்தவள்ளி: ஈ செவத்தைக் கொட்டுமா?

சங்கிலிப்பாண்டி: ஆத்திரம் வந்தா ஆளு பார்க்குமா, செவரு பார்க்குமா?

ஆனந்தவள்ளி: ...நீங்க ஏன் சிரிக்கிய?

குற்றாலீஸ்வரன்: இருமல்.

ஆனந்தவள்ளி: அந்த ஏணி ஏன் இங்கன சாய்ஞ்சு நிக்குது? இருமலுக்கா? சரி, கூடு எப்பக் கலைஞ்சுது?

சங்கிலிப்பாண்டி: போன வருசம்.

குற்றாலீஸ்வரன்: இன்னைக்குக் காலையில.

ஆனந்தவள்ளி: ரெண்டுல எது நிஜம்?

சங்கிலிப்பாண்டி: ரெண்டும் சரிதான் தாயி. ஈ போனது போன வருசம். மெழுகைச் சுரண்டுனது இன்னைக்குக் காலையில. மாப்பிள சரியாத்தான் சொல்லுதாவ.

ஆனந்தவள்ளி: மெழுகு எங்க?

சங்கிலிப்பாண்டி: கரைஞ்சுட்டு.

ஆனந்தவள்ளி: எதிர்த்த வீட்டு மாஜிதா அக்கா போன்ல சொன்னாவ. சீசன்ல நம்ம வீட்டு வாசல்ல வேனா வந்து நிக்குதாம். திருப்பூரு, சிவகாசின்னு எங்கெங்கயோ இருந்து ஆம்பளைக இறங்கி நிக்காவளாம். அவிய எதுக்கு வாராவ?

சங்கிலிப்பாண்டி: செவத்தைப் பார்க்க.

ஆனந்தவள்ளி: செவத்தை...

சங்கிலிப்பாண்டி: ஒரே வீட்டுல ஒவ்வொரு செவரும் ஒவ்வொரு கலரு. தமிழ்நாட்டுல வேற எங்கன இருக்கு? அருவிக்குப் போற வழியில நின்னு பார்த்துட்டுப் போறாவ. சில பேரு கும்பிடக் கூடச் செய்யுதாவ. நான்தான் தடுத்து வச்சிருக்கேன்.

குற்றாலீஸ்வரன்: வள்ளி, நீ வந்து இன்னும் காப்பி கூடக் குடிக்கல. பஸ் ஸ்டாண்டு பக்கம் போயி ஏதாவது சாப்பிட்டுட்டு...

ஆனந்தவள்ளி: வீட்டுல அடுப்பு இல்லையா? உள்ள போய்க் குடிச்சாப் போச்சு.

குற்றாலீஸ்வரன்: கேஸ் தீர்ந்துட்டு.

சங்கிலிப்பாண்டி: பால் திரிஞ்சுட்டு.

ஆனந்தவள்ளி: ரெண்டு பேரும் என்னை உள்ள விடமாட்டேங்கிய. பரவாயில்ல. இன்னும் ஒரு எடம் பாக்கி இருக்கு. கீழ குனிஞ்சு பாருங்க. உக்காந்த ஆளு முதுகு உயரத்துக்கு, வரிசையா, முறம் முறமாத் திட்டு. இங்கனயும் வெளுக்கல. வெளுக்காதது மட்டும் இல்ல, கறுத்துப் போயி மினுமினுங்குது. கை வச்சா வழுக்குது.

சங்கிலிப்பாண்டி: குரங்கு.

ஆனந்தவள்ளி: எதிர்பார்த்தேன்.

சங்கிலிப்பாண்டி: பேரருவிப் பக்கம் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க வாரவன் புட்டியைப் படிக்கட்டுல வச்சுட்டு வேட்டியை அவுப்பான். அந்த நேரம் பார்த்துப் புட்டியைத் தூக்கிட்டு வந்துருதுக. ஒண்ணு முதுகை இன்னொண்ணு தேய்ச்சு விட்டுட்டு, இங்கன வரிசையா உக்காந்து செவத்துல சாய்ஞ்சுக்கிடும். எண்ணெய் ஊற வேண்டாமா? ஊறுன பொறவுதான் அருவிக்குப் போகும்.

ஆனந்தவள்ளி: குரங்கு முதுகு இவ்வளவு அகலமா?

சங்கிலிப்பாண்டி: கடுவன். குடும்பஸ்தன்.

குற்றாலீஸ்வரன்: எண்ணெய் பட்ட எடத்துல தண்ணி ஒட்டாது வள்ளி. அதான் அங்கன சாரல் ஏறல.

ஆனந்தவள்ளி: ...இருங்க. பேசாதிய ரெண்டு பேரும். நான் யோசிக்கணும்.

சங்கிலிப்பாண்டி: யோசி தாயி. அவசரம் இல்ல.

ஆனந்தவள்ளி: மேல ஒரு எடம் நல்லா இருக்கு. கீழ வரிசையாச் சில எடம் வெளுக்காம இருக்கு. மத்ததெல்லாம் வெளுத்திருக்கு. ஒரே செவரு, ஒரே வெயிலு... அப்ப வித்தியாசம் பெயிண்டுலதான். ஏமாந்துட்டேன் சித்தப்பா.

சங்கிலிப்பாண்டி: யாருகிட்ட?

ஆனந்தவள்ளி: பெயிண்டர் முத்துச்செல்வம்கிட்ட. நான் பார்க்க வந்த அன்னைக்கு மேல ஒரு கட்டத்தை அடிச்சுக் காட்டுனான். கீழயும் சாம்பிள், சாம்பிள்னு பிரஷ்ஷை வச்சான். அதெல்லாம் நயம் பெயிண்டு. நான் அங்கிட்டுப் போனதும் மீதிக்குத் தண்ணியை ஊத்தி அடிச்சிருக்கான். இல்லைன்னா உள்ள அடிக்குத பெயிண்டை வெளியில அடிச்சிருக்கான். இதுக்குப் போயி உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். நீங்க பாட்டுக்கு என்னைச் சமாதானப்படுத்த குரங்கு, ஈன்னு... வயசான காலத்துல உங்களைப் பாடாப் படுத்திட்டேன்.

சங்கிலிப்பாண்டி: அதெல்லாம் ஒண்ணும் இல்ல தாயி.

ஆனந்தவள்ளி: சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்.

சங்கிலிப்பாண்டி: நல்லா இரு. இந்தச் செவத்துக்கு வழியும் சொல்லுதேன் கேளு. பாசியைத் தேய்ச்சுக் கழுவி, நல்லாக் காய விட்டு, ஐப்பசி மழையும் போன பொறவு, தை பிறந்து அடிக்கணும். சந்தனக் கலரு. வேணுங்குத டின்னு எல்லாம் ஒரே தடவையில வாங்கி, ஒரே டிரம்முல ஊத்திக் கலக்கிக்கிடணும். நாளைக்கு ஒண்ணு, நாளான்னைக்கு ஒண்ணுன்னு வாங்குனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சாயல் காட்டும். கலரு போன எடத்துல மட்டும் ஒட்டுப் போடப்படாது. மூலைக்கு மூலை முழுச் செவரும் அடிக்கணும். உச்சி வெயில் விழுத நேரம் பிரஷ்ஷே தொடப்படாது.

ஆனந்தவள்ளி: இவ்வளவும் முத்துச்செல்வத்துக்குத் தெரியும்ல?

சங்கிலிப்பாண்டி: அத்துப்படி.

ஆனந்தவள்ளி: தெரிஞ்சுக்கிட்டே ஏமாத்தியிருக்கான். விடப்படாது. தென்காசியில நம்ம கூட வேலை பார்த்த ஏட்டையா இருக்காரு. இன்னைக்கே ஸ்டேஷனுக்கு வரவச்சு ரெண்டு கேள்வி கேட்டுருதேன். முத்துச்செல்வம் நம்பர் எங்கிட்டதான் இருக்கு.

குற்றாலீஸ்வரன்: வள்ளி, விடு. பாவம், பிள்ளைகுட்டிக்காரன்.

ஆனந்தவள்ளி: நீங்க ஏன் பதறுதிய?

சங்கிலிப்பாண்டி: தாயி, அவன் நல்ல பய. தண்ணி ஊத்துத ஆளு இல்ல. வேணும்னா அந்த எருமை மேல கேஸ் போடு.

ஆனந்தவள்ளி: சும்மா இருங்க சித்தப்பா. ரிங் போகுது...

குற்றாலீஸ்வரன்: மாமா...

சங்கிலிப்பாண்டி: எனக்கும் கேக்குது மாப்பிள.

ஆனந்தவள்ளி: என்ன இது? நம்ம வீட்டுப் பின்வாசல்ல போன் அடிக்குது.

குற்றாலீஸ்வரன்: பக்கத்து வீடு. சத்தம் இங்கிட்டுத்தான் கேக்கும்.

ஆனந்தவள்ளி: கட் பண்ணுதேன்... நின்னுட்டு. மறுபடி அடிக்கேன்... மறுபடி அங்கனதான். சித்தப்பா, முத்துச்செல்வம் நம்ம வீட்டுக்குப் பின்னால என்ன பண்ணுதான்? இங்கனயே இருந்துக்கிட்டு ஏன் போனை எடுக்க மாட்டேங்கான்?

குற்றாலீஸ்வரன்: நீங்களே சொல்லிருங்க மாமா. என்னால முடியாது.

ஆனந்தவள்ளி: சொல்லுங்க. ஏன் எடுக்க மாட்டேங்கான்?

சங்கிலிப்பாண்டி: எப்படி எடுப்பான் தாயி, கையெல்லாம் எண்ணெய்... சாரல் நேரத்துல அவனுக்குப் பெயிண்டு வேலை கிடையாது, அதனால ரெண்டு சீசனா வாரவன் போறவனுக்கெல்லாம் எண்ணெய் தேய்ச்சு இந்தச் செவத்துலதான் சாய்ச்சு ஊறப் போடுதான். காலையில நாங்க கழட்டுன போர்டுல ‘எஸ்.ஐ. அம்மா வீட்டு மூலிகை மசாஜ்’னு எழுதுனது நான், அதுல படமா இருக்குத முதுகு மாப்பிளையோடது.