மாற்றுச் சரக்கு

— மெதுவா பேசுங்கக்கா, மருந்து வாங்க ஆள் வர்ற நேரம். உங்களுக்கு மாதவிலக்கு நின்னு எவ்வளவு காலமாச்சு?

— மருமக வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே நின்னுபோச்சு. இப்ப மறுபடி ரத்தம். உள்ள கட்டி கிட்டி இருக்குமோன்னுதான் உன்கிட்ட ஓடி வந்தேன். நான் துணிக்கடை, நீ மருந்துக்கடை, ஒரே வரிசையில யாவாரம் பண்றோம். மறைக்காம சொல்லு.

— புதுசா மாத்திரை ஏதாவது போடுறீங்களா?

— சத்து மாத்திரைதான். இந்தா, ஒண்ணு கொண்டாந்திருக்கேன்.

— இது சத்து மாத்திரையா? மேல பொறிச்சிருக்கிற எழுத்தைப் பாருங்க. கர்ப்பத்தடை மாத்திரைக்கா.

— அடியே! இந்த வயசுல எனக்கெதுக்கு அது?

— அதைத்தான் நானும் கேக்குறேன்.

— மருமக டப்பாவில எடுத்தது. வெளிய சத்து மாத்திரைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அவ மூஞ்சி பளபளன்னு இருக்கே, நமக்கும் ஆகட்டுமேன்னு... ஓஹோ! பேரப்பிள்ளை எப்போன்னு கேட்டா, "கடவுள் குடுக்கணும் அத்தை"ன்னாளே! லேபிள் ஒண்ணு, சரக்கு ஒண்ணா? கள்ளி!

— அவ உடம்பு, அவ முடிவு. உங்க கதைக்கு வாங்க. தினம் போட்டீங்களா?

— நினைப்பு வந்தா போடுவேன்.

— விட்டு விட்டுப் போட்டா நடுவுல கசியும். நிறுத்தினா மாதவிலக்கு மாதிரியே வரும். அதுவா இருக்கலாம். ஆனா நின்னவங்களுக்கு ரத்தம் வந்தா டாக்டரைப் பார்த்தே ஆகணும். பிரஷர்காரி வேற நீங்க, இனி இதைத் தொடாதீங்க.

— தினம் தவறாம போடுறாளே, அவளுக்கு?

— ஆரம்பத்துல கொஞ்சம் கசியும், அப்புறம் போக்கு குறைஞ்சிடும். சிலருக்கு ஏதாவது ஒரு மாசம் வராமலே போகும். ஒழுங்கா போட்டா பயமில்ல. ஆமா, டப்பாவில குறையறது அவ கண்ணுல படலையா?

— எப்படிப் படும்? எடுத்த சரக்குக்கு மாத்து வைக்காம நகர்ந்தா நான் என்ன யாவாரி? நீ எனக்குக் குடுத்த சத்து மாத்திரை இருக்கே, அதே அளவு, அதே மஞ்சள். ஒண்ணு எடுத்தா ஒண்ணு போட்டுடுவேன்.

— அக்கா... அப்போ அவ முழுங்கினதுல பாதி உங்க சத்து மாத்திரை.

— அப்படியா சங்கதி? ரெண்டு மாசமா அவளுக்கு வரலம்மா. என்னடின்னு கேட்டா, "இந்தச் சத்து மாத்திரை போட்டா அப்படித்தான் அத்தை, பயப்படாதீங்க"ன்னு எனக்குத் தைரியம் சொல்றா.