கழுத்துக் கட்டியின் இரண்டு படங்கள்

அந்தப் பெண்ணின் முகம் எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பது சந்தேகம்தான். கண்ணாடி போட்டிருந்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடி போட்டிருந்தது அவருடன் வந்த தங்கையாகவும் இருக்கலாம். அவருடைய செல்கள் மட்டும் அப்படியே நினைவிருக்கின்றன.

நான் நோய்க்குறியியல் மருத்துவன். கட்டியில் ஊசி குத்தி உறிஞ்சியதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, புற்றா இல்லையா என்று எழுதுவது என் வேலை. மாணவர்களுக்காக இணையத்தில் ஒரு பக்கமும் நடத்திவந்தேன். ஒரு படம் போட்டு, இது என்ன என்று கேட்பேன். அவர்கள் வாக்களித்து முடித்ததும் விளக்கம் எழுதுவேன். நல்ல ஆசிரியர் வாய்க்காத பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். புகழுக்காகச் செய்யவில்லை.

அவர் தையல்காரர். கழுத்தில் பட்டாணி அளவுக் கட்டி. நான் ஊசியை எடுத்ததும் சிரித்தார்.

"குத்துங்க சார். தினம் ஊசியோடதான் குடும்பம் நடத்துறேன்."

"அக்கா, சும்மா இரு. டாக்டருக்குக் கை நடுங்கிடப் போகுது" என்றார் தங்கை.

எனக்குக் கை நடுங்கவில்லை.

தகட்டின் ஓரத்தில் ஊதா நிறச் செல்களின் ஒரு சிறு கொத்து. புற்றுதான். ஆனால் அவ்வளவு ஆரம்பத்தில் அதை நானே பார்த்ததில்லை. முற்றிய பிறகு எடுத்த படங்கள் எல்லோரிடமும் உண்டு. ஒரே கட்டி, தொடக்கத்திலும் முற்றிய பின்பும், அருகருகே: அப்படி ஒன்று எங்குமே இல்லை. அதைப் பார்த்த மாணவன் வாழ்நாளில் தவறவிடமாட்டான். எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் நெடுநேரம் யோசித்தேன். பிறகு, 'சாதாரணக் கட்டி. ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சொன்னபடி வந்தார்கள். தையல்காரர் கழுத்தைத் துணியால் மறைத்திருந்தார். குரல் கம்மியிருந்தது.

"நடுவுல வேற எங்கயாச்சும் காட்டலாம்னு சொன்னேன் சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அக்கா ஒரே பிடிவாதம்" என்றார் தங்கை.

நான் தலையசைத்தேன். இம்முறை தகடு முழுக்கச் செல்கள். உண்மையை எழுதிக் கொடுத்தேன்.

ஒரே கட்டி, ஆறு மாத இடைவெளி என்று குறிப்பிட்டு, இரண்டு படங்களையும் சேர்த்துப் பதிவிட்டேன். அவ்வளவு கூட்டம் என் பக்கத்துக்கு வந்ததே இல்லை. ஒரு மாணவி கீழே எழுதியிருந்தாள்: "சார், முதல் படத்துலயே தெரியுதே. அப்பவே ஏன் ஆபரேஷன் பண்ணல?" சரியாகக் கண்டுபிடித்திருந்தாள். பெருமையாக இருந்தது. இதயக் குறி போட்டேன்.

அதன்பின் தூக்கம் போயிற்று. குளியலறைச் சுவரின் ஈரத்தில், தேநீர்க் கோப்பையின் அடியில், மூடிய இமைக்குள், அந்த ஊதாக் கொத்து. அது என்னிடம் எதுவும் கேட்பதில்லை. வளர்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மாணவி மருத்துவக் கழகத்தில் புகார் கொடுத்தாள். விசாரணையில் பார்வைத் தவறு என்று சொல்லச் சொன்னார் என் வழக்கறிஞர். அது பொய். தெரிந்துதான் எழுதினேன்.

தையல்காரர் இறந்துவிட்டார். அக்காவின் பிள்ளைகளைத் தங்கை வளர்க்கிறார். புகார் கொடுத்த மாணவி இப்போது ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள், எதையும் தவறவிடுவதில்லையாம். என் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். அந்த இரண்டு படங்களும் பல கல்லூரிகளில் பாடமாக இருக்கின்றன. அடியில் இருந்த என் பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். அது நியாயமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.