பூட்டின குசினி

— இஞ்சேருங்கோ, அந்தக் காலைப் பத்திரமாத் தூக்கிக்கொண்டு கிட்ட அரக்கி இருங்கோ. ஒரு கதை சொல்லப்போறன். இடையிலை வாய் போடக்கூடாது.

— கதை கிடக்கட்டும் யோகம். பனியிலை வழுக்கி விழுந்து, சங்கத்தின்ரை ஆண்டுக் கூட்டத்துக்கே வரேலாமல் போச்சு. ரொம்சோஸ் மண்டபத்துக்கு ஆர் வந்தது?

— கதிரை காணாது! சோமாலிச் சனம், கம்பியாச் சனம், எரித்திரியா ஆக்கள், எல்லாரும்!

— எத்தினை தரம் கூப்பிட்டும் வராத சனமோ? என்ன மாயம் செய்தனீர்?

— மண்டபத்துக் குசினியைப் பூட்டினனான்.

— என்ன விசர்க்கதை? அப்ப தேத்தண்ணி?

— கூட்டம் முடிஞ்ச பிறகுதான். ஏன் வாறேல்லை எண்டு அந்தச் சோமாலிப் பொம்பிளை ஹோடானிட்டைப் போய்க் கேட்டனான். "நாங்கள் மண்டபத்திலை காத்திருக்க, நீங்கள் குசினியுக்கை தேத்தண்ணி குடிச்சுத் தமிழிலை முடிவெடுத்துக்கொண்டு வாறியள். கை தூக்கவோ எங்களைக் கூப்பிடுறியள்?" எண்டு கேட்டா. இந்தமுறை குசினி பூட்டு எண்டு சொன்னன். சனத்தையும் கூட்டிக்கொண்டு வந்திட்டா!

— அங்கை நாங்கள் பகிடிதானே விடுறது.

— பகிடியோ? அந்த இரவுக் கிளப்பின்ரை வாசல்காரன் எங்கடை மகன் அபிசனை உள்ளை விட்டிட்டு, கூடப் போன ஹோடான்ரை மகனைக் கறுப்பு எண்டு மறிச்சவன். வெளிநாட்டார் எல்லாருக்கும் உரிமை கேக்கிற சங்கத்தின்ரை தலைவர் நீங்கள், அதுக்குக் குசினியுக்கை வடையைக் கடிச்சுக்கொண்டு என்ன சொன்னனீங்கள்?

— எங்கடை பெடியனை விட்டவன்தானே, மற்றதைப் பிறகு பாப்பம் எண்டனான்.

— அதை இண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை, எல்லாருக்கும் விளங்கிற நோர்வேப் பாசையிலை சொன்னன்.

— ஐயோ, என்ரை மானம்!

— பொறுங்கோ! முதல் எழும்பினது அபிசன். "என்னை விட்டாலும் இனி நான் உள்ளை போகன்" எண்டான். மண்டபமே அதிர்ந்தது! வாற சனிக்கிழமை எல்லாருமாய் அந்தக் கிளப் வாசலிலை நியாயம் கேட்டு நிக்கப்போறம்.

— என்ரை பெடியன்! தலைவர் எண்டு நானும் ஊண்டுகோலோடை முன்னுக்கு நிப்பன்!

— நில்லுங்கோ, நல்லது. ஆனா தலைவராய் இல்லை.

— திரும்பவும் நான்தான் தலைவர் எண்டது போன கிழமையே குசினியுக்கை முடிவான விசயமெல்லே!

— குசினி பூட்டெண்டு சொன்னன்தானே. ஹோடான்தான் தலைவி. பேரைச் சொன்னது நான்.

— யோகம்! அப்ப எனக்கு ஒரு பொறுப்பும் இல்லையோ?

— ஏன் இல்லை? இந்தாங்கோ குசினிப் பூட்டின்ரை திறப்பு. இனித் தேத்தண்ணி உங்கடை கையாலைதான். தலைவி வாழ்த்தும் சொல்லிவிட்டவ: "அந்த வீட்டிலை அடுப்பு அணையாமல், சிரிப்புக் குறையாமல், கதவு ஒருத்தருக்கும் மூடாமல், எல்லாரும் நல்லாய் இருக்கட்டும்."