நின்றபடி வெட்டிய புல்

— நான் இருந்தேனுங்க, என்ற சம்சாரம் ஆண்டாயி இருந்தா, பையன் வேலுமணி இருந்தான். உங்க பக்கம் நீங்க, உங்க ஊட்டுக்காரி காத்தாயி, பொண்ணு சுப்பம்மா. அவ்வளவுதான். வெளியாளு ஒருத்தரும் கெடையாது. அப்பறம் எப்படிங்க கங்காணியாரே, நிச்சயத்தன்னிக்கு நீங்க சொன்ன சொல்லு மஞ்சூர் பஸ்ல ஏறி எனக்கு முன்னாலயே எங்கூருக்குப் போய்ச் சேந்துச்சு?

— நான் யாருகிட்டயும் சொல்லல, செல்லையா சம்பந்தி. ஒங்க சம்சாரத்தக் கேட்டீங்களா?

— கேட்டேன். 'என்ற கூடப்பொறந்த தங்கச்சிகிட்ட மட்டுந்தான் சொன்னேன்'னா.

— அது போதுமே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, புல்லு மெசின்ல கல்லு தெறிக்கும்.

— சம்பந்தின்னு கூப்பிடாதீங்க. அது இன்னைக்கு முடிவாகோணும். அதுக்குத்தான் வேலைக்கு லீவு போட்டுட்டு குன்னூர் வந்து, இந்த பங்களா கேட்டுல நின்னு, 'தோட்டக்காரர் அய்யாவு இருக்காருங்களா'ன்னு கேட்டு உள்ள வந்திருக்கறேன்.

— வந்தது சந்தோசம். தொரை ஊட்டிக்குப் போயிருக்காரு. சாயந்தரம் விருந்தாளிங்களோட வருவாரு. அதுக்குள்ள இந்தப் புல்லு ஓரத்த முடிக்கணும். நீங்க பேசுங்க, காது கேக்குது.

— இந்தச் சத்தத்துலயா? மொதல்ல மெசின நிறுத்துங்க.

— நிறுத்திட்டேன். சொல்லுங்க.

— இதென்னங்க இது? கத்தி இல்ல, அருவா இல்ல. முனையில தூண்டில் கயிறாட்டம் என்னமோ சுத்துது.

— நைலான் கயிறு. தொரை சீமையில இருந்து கொண்டாந்தது. அது சுத்துற வேகத்துக்கு புல்லு தானா அறுந்துரும். மெசின இப்பிடிச் சாய்ச்சுப் புடிச்சிட்டு பாதை ஓரமா நடந்தா போதும். பாருங்க அவடத்த. பாதைக்கும் புல்லுக்கும் நடுவுல கோடு கிழிச்ச மாதிரி இல்ல?

— அழகாத்தான் இருக்குது. எங்க எஸ்டேட்டு பங்களாவுல நாலு பொம்பளைங்க குத்தவெச்சு உக்காந்து கத்திரியில வெட்டுவாங்க.

— இங்கயும் மொதல்ல அப்பிடித்தான் இருந்துச்சு.

— நீங்க அப்படி உக்காந்து வெட்டுவீங்களா?

— மாட்டேன்.

— அதானுங்களே! அதத்தான் ஊரே பேசுது. நிச்சயத் தாம்பாளத்தப் பாயில வெச்சோம். பொண்ணோட அப்பன் பாயில உக்காந்து, அத எடுத்து எங்க கையில குடுக்கோணும். நீங்க லைட்டுக் கம்பமாட்டம் நின்னீங்க. ஆண்டாயி 'உக்காருங்கண்ணா'ன்னு ரெண்டு வாட்டி சொன்னா. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?

— சொன்னது ஞாபகம் இருக்கு.

— இருந்தாலும் நானே சொல்றேன், கேட்டுக்கங்க. 'எங்க பரம்பரையில யாரும் யாரு முன்னாலயும் குனிஞ்சதில்ல'ன்னீங்க. அது நிச்சயப் பாயிங்க, போலீஸ் ஸ்டேசன் இல்ல. கும்பிட்டு நிக்கச் சொன்னமா உங்கள?

— தாம்பாளத்த காத்தாயி எடுத்துக் குடுத்தாளே.

— குடுத்துச்சு, தங்கச்சி குடுத்துச்சு. அன்னிக்கு நானும் பொறுத்துக்கிட்டேன். கல்யாணத்துல பொறுக்க முடியாதுங்க. எங்க ஊட்டுல, மணவறையில மாப்பிள்ளை காலப் பொண்ணோட அப்பன் கழுவோணும். எங்க அப்பிச்சி காலத்துல இருந்து வர்ற வழக்கம். கழுவுவீங்களா, மாட்டீங்களா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

— மாட்டேன்.

— காரணம்?

— காரணம் ஒண்ணுமில்ல. அய்யாவு கங்காணி குனிய மாட்டான். விளங்குதா?

— ஏனுங்க, சிலோன்லதானே நீங்க கங்காணி? இங்க புல்லுத்தானே வெட்டறீங்க?

— நின்னுக்கிட்டு வெட்டுறேன்.

— அட சாமி! எல்லாரும் சொன்னாங்க. 'சிலோன்காரங்ககிட்டப் பொண்ணு எடுக்காத, அங்க எல்லாத்தையும் விட்டுட்டு கப்பல்ல வந்தாங்க, கௌரவத்த மட்டும் பொட்டியில வெச்சுக் கொண்டாந்துட்டாங்க'ன்னு. என்ற பையன்தான் கேக்க மாட்டேங்கறான். கட்டுனா சுப்பம்மாளத்தான்னு ஒத்தக் கால்ல நிக்கறான்.

— நல்ல பையன்.

— நல்ல பையந்தானுங்க. அவன் காலத் தொடத்தான் உங்களுக்குக் கூச்சம்.

— கூச்சமில்ல, சம்பந்தி. வேற என்னா வேணும்னாலும் கேளுங்க, செய்றேன். என் தம்பி அழகர்சாமி ஓவேலியில இருக்கான். அவன் வந்து கழுவட்டும்.

— அப்பன் எதுக்கால நிக்கறப்ப சித்தப்பன் கழுவுனா, அப்பன் செத்துட்டான்னு அர்த்தமுங்க.

— அப்ப அப்பிடியே வெச்சுக்கங்க.

— கல்யாணப் பேச்சுல இப்படியா பேசறது! நில்லுங்க, நான் பேசிட்டிருக்கையில எங்க போறீங்க?

— அந்தக் கைப்பிடிச் சுவத்துக்கு. மெசின சுவத்து மேல வெச்சுத்தான் இழுத்துக் கௌப்பணும்.

— தரையில வெச்சு இழுத்தா கௌம்பாதுங்களா?

— கௌம்பும். என் பழக்கம் இது.

— எதுலயும் உங்க பழக்கம்தான். ஏன், அதுக்குள்ள நின்னு போச்சு?

— நைலான் தீந்து போச்சு. புதுசு மாத்தணும். பையில வெச்சிருந்தேனே... இந்தா... ச்சே, விழுந்துருச்சு. சம்பந்தி, அந்தக் கயித்து உருண்டைய எடுத்துக் குடுங்க.

— என்னங்க சொன்னீங்க?

— எடுத்துக் குடுங்கன்னேன்.

— அது உங்க காலடியில கெடக்குது. மாப்பிள்ளையோட அப்பன் நானு, அக்கட்டால இருந்து வந்து, உங்க கால்மாட்டுல குனிஞ்சு பொறுக்கோணுமா?

— சரி, விடுங்க. காத்தாயி வருவா.

— அது வர்ற வரைக்கும் இப்படியே நிப்பீங்களா?

— நிப்பேன்.

— நில்லுங்க, நல்லா நில்லுங்க. முடிஞ்சு போச்சுங்க. இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம். நான் வர்றேன்.

— அண்ணே! எங்க போறீங்க? ஒங்களுக்குத்தான் தேத்தண்ணி கொண்டாறேன்.

— வேண்டாந் தங்கச்சி. உங்க ஊட்டுக்காரருகிட்டப் பேசி முடிச்சுட்டேன்.

— கொஞ்சம் இருங்கண்ணே. ஏங்க, இது எப்ப விழுந்துச்சு? இந்தாங்க, புடிங்க. சப்பாத்து நாடா வேற அவுந்து கெடக்கு. கால இப்பிடி வைங்க, கட்டிவிடுறேன்.

— இதையும் நீதான் கட்டறயா தங்கச்சி? கட்டுன பொண்டாட்டிய மண்டி போட வெச்சு நாடா கட்டிக்கிற மனுசன, நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்.

— அப்பிடிச் சொல்லாதீங்கண்ணே.

— காத்தாயி, ஒண்ணும் பேசாத.

— பேசாம இருந்து இருந்துதான் இந்தக் கதிக்கு வந்திருக்கோம். ஊரு பேசுறதக் கேட்டு புள்ள நேத்தெல்லாம் அழுது அழுது சோறு எறங்கல அவளுக்கு. நான் சொல்லத்தான் போறேன்.

— காத்தாயி!

— இவருக்கு முதுகு வளையாதுண்ணே.

— என்ன தங்கச்சி சொல்ற?

— வளையாது. சிலோன்ல எழுபத்தேழு கலவரத்துல, தோட்டத்துல நாங்க இருந்த லயத்து வீட்டுக்குத் தீ வெச்சாங்க. சுப்பம்மா காய்ச்சலா உள்ள படுத்திருந்தா. நான் தண்ணிக்குப் போயிருந்தேன். இவரு உள்ள ஓடுறாரு, கூரை மரம் விழுவுது. புள்ள மேல கவுந்துக்கிட்டாரு. அவ மேல ஒரு கீறல் இல்ல. மரம் அம்புட்டும் இவரு முதுகுல. கடைசியா இவரு குனிஞ்சது அன்னிக்குத்தாண்ணே.

— இப்ப சந்தோசமா ஒனக்கு?

— சந்தோசம்தான். திட்டுறதுன்னா வீட்டுக்கு வந்து திட்டுங்க.

— கங்காணியாரே, இத ஏனுங்க அன்னிக்கே சொல்லல?

— சொன்னா? கம்பெனி ஆபீசுக்குத் தெரிஞ்சா, வேலைக்கு லாயக்கில்லன்னு அடுத்த நாளே அனுப்பிருவாங்க. இந்த மெசின் வந்ததால நான் தப்பிச்சேன். குனியாம வெட்டலாம், யாருக்கும் தெரியாது. அது ஒண்ணு.

— இன்னொண்ணு?

— 'திமிரு புடிச்சவன்'னு சொல்றாங்க இல்ல? சொல்லட்டும், தாங்கிக்குவேன். 'ஐயோ பாவம்'னு மட்டும் எவனும் சொல்லக் கூடாது. என் பொண்ணு ஒரு நொண்டிக் கெழவன் மகளா ஒங்க வீட்டுப் படி ஏறக் கூடாது. அய்யாவு கங்காணி மகளா ஏறணும். விளங்குதா?

— விளங்குதுங்க. பொண்ணாவது சொல்லியிருக்கலாம்.

— சொல்லத்தாண்ணே வாயத் தொறந்தா நிச்சயத்தன்னிக்கு. இவரு பாத்த பார்வையில அப்பிடியே மூடிக்கிட்டா. ஆனா இவரு முயற்சி பண்ணலன்னு நெனைக்காதீங்க. நிச்சயத்துக்கு முன்னால கதவச் சாத்திக்கிட்டு, பாய விரிச்சு, உக்காந்து பாத்தாரு. நானும் புள்ளையும் ஆளுக்கொரு கையப் புடிச்சோம். மூணு பேரும் சேந்து விழுந்தோம்.

— அதையெல்லாம் எதுக்கு இப்ப சொல்ற?

— விழுந்து கெடந்து சிரிச்சீங்களே! ஒங்கள எப்பிடித் தூக்குறதுன்னு தெரியாம நாங்களும் சிரிச்சோமே! அப்பறந்தான் அண்ணே, செவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

— தேத்தண்ணி ஆறிப் போச்சா தங்கச்சி?

— சூடாத்தாண்ணே இருக்கு.

— குடு. கங்காணியாரே, நீங்களும் குடிங்க. குடிச்சுட்டு அந்த மெசின இப்படிக் குடுங்க.

— எதுக்கு?

— ஓரம் பாதியில நிக்குதில்லீங்க. தொரை வந்துருவாரு.

— ஒங்களுக்கு இது வராது. வேணாம்.

— குடுங்க பாக்கலாம். சுவத்து மேல வெச்சு இழுக்கோணும், அதானே? ஆ, கௌம்பிருச்சு. இப்படிச் சாய்ச்சு...

— கோணலாப் போவுது, சம்பந்தி.

— கோணலாப் போனா என்னங்க, புல்லுத்தானே!

— தொரை ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நான் சொல்லுவேன். நிறுத்துங்க, குடுங்க இங்க. ஒரு பாத்தி புல்லயே மேஞ்சுட்டீங்க.

— பாரு தங்கச்சி, ஒரு ஒத்தாசை பண்ண உடுறாரா?

— ஒத்தாசையா, இரக்கமா? மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— உங்களாட்டத் திமிரு புடிச்ச ஆளு மேல யாருங்க இரக்கப்படுவா?

— ம். அது சரி.

— ஏங்க, பேச்ச நிறுத்துங்க. பட்லர் தனசிங் வர்றாரு.

— ரெண்டு பேரும் வாயத் தொறக்காதீங்க. பட்லருக்குத் தெரிஞ்சா ஆபீசுக்குத் தெரிஞ்ச மாதிரி.

— என்ன கங்காணி, தொரை வார நேரமாச்சு, ஓரம் இன்னும் பாதியில நிக்கி? இது யாரு, மாப்பிள்ளையோட அப்பாவா? வாங்க, வாங்க. நல்லதாப் போச்சு, உங்ககிட்டயே கேட்டுருதேன். ஃபேக்டரி பூரா இதே பேச்சுதான். கங்காணி குனிஞ்சு மாப்பிள்ளை காலக் கழுவ மாட்டாராம், நீங்க சம்பந்தத்த முறிக்கப் போறீங்களாம்?

— பொய்யிங்க. எங்க ஊட்டுல பொண்ணோட அப்பன் குனியற வழக்கமே கெடையாது.