ஞாயிற்றுக்கிழமை டூட்டி

— எழுந்து மிதி தோஸ்த். சீட்ல உக்காந்துக்கினே மிதிச்சா ஏலகிரி மலை எறங்கி வந்து உன்னைத் தூக்கிக்கினு போவுமா?

— பேசாத பாய். மூச்சு வாங்குது.

— மூச்சு வாங்குறவன் பேசக்கூடாது. நான் பேசலாம். எத்தனாவது வளைவு இது?

— ஆறு.

— இன்னும் எட்டு இருக்கு. திரும்பிப் பாரு, ஒருத்தனையும் காணோம். பத்து பேரு கெளம்பினோம். மூணாவது வளைவுலயே நாலு பேரு சைக்கிளத் தள்ளிக்கினு நடக்க ஆரம்பிச்சான். மீதிப் பேரு கொரங்குக்குப் பொரி போட்டுக்கினு உக்காந்திருக்கான்.

— கம்பெனித் தோல் ஏத்துற கேரியரையாவது கழட்டி வெச்சுட்டு வந்திருக்கலாம்ல? தோல் வாடை தாங்க முடியல.

— இந்த வாடைதான்டா எனக்கு இன்ஜின். அடிவாரத்துல ரெண்டு நாய் தொரத்துச்சே பாத்தியா? அந்த வேகத்துலதான் நாலு வளைவு ஏறினேன். உன்னை யாரும் தொரத்தல, நீ திணறுறே.

— சரி, முன்னாடி போறதுன்னா போ. இல்ல பின்னாடி வா. ஏன் பாய் என் பக்கத்துலயே வர்றே?

— உன் மூஞ்சியப் பாக்கத்தான். நீ ஜெயிச்சதும் மேல ஒரு கடுதாசி குடுப்பாங்க பாரு, அப்போ அந்த மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்கணும். அதுக்காகத்தான் இவ்ளோ கஷ்டப்படுறேன்.

— நோட்டீஸ் போர்டுலயே ஒட்டியிருக்காங்க பாய். வெள்ளி விழா சைக்கிள் ரேஸ், முதல்ல வர்ற டெம்ப்ரவரி ஆளுக்கு பர்மனென்ட் வேலை.

— அதே போர்டுலதான் தொழிலாளிங்களுக்கு கக்கூஸ் கட்டப்போறோம்னு எட்டு வருஷமா ஒட்டியிருக்கு. நாம இன்னும் பாலாத்துக்குத்தான் போறோம்.

— சிரிக்க வெக்காத. ஹேண்டில் ஆடுது.

— சரி, உன் தேவகிருபை டீச்சரோட அப்பா இன்னா கேட்டாரு? இன்னொரு தபா சொல்லு. அதைக் கேட்டா எனக்கு மேடு தெரியாது.

— உனக்கு அதுல ஒரு சந்தோஷம். ‘தம்பி, உன் வேலை டெம்ப்ரவரின்னா கல்யாணமும் டெம்ப்ரவரியா?’ன்னு கேட்டாரு. சர்ச் வாசல்ல, பாகாயத்து ஜனம் பூரா நிக்கும்போது.

— வாரே வா! முப்பது வருஷம் ஆபீஸ்ல ஃபைல் பாத்த மனுஷன் வேற எப்படிக் கேப்பாரு? நீ இன்னா சொன்னே?

— ஈஸ்டருக்குள்ள பர்மனென்ட் ஆயிடுவேன்னு சொன்னேன். இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. ஆவலைன்னா ராணிப்பேட்டையில ஒருத்தன் இருக்கான், பேங்க் வேலை. அவனுக்கு முடிச்சுடுவாரு.

— அவன் இந்த மேட்டுல சைக்கிள் விடுவானா?

— அவன் ஸ்கூட்டர் வெச்சிருக்கான் பாய்.

— அப்போ நியாயமாப் பாத்தா பொண்ணை அவனுக்குத்தான் குடுக்கணும்.

— வாய மூடிக்கினு வர்றியா, இல்ல தள்ளிவுடட்டா பள்ளத்துல?

— கோவம் வந்தா நல்லா மிதிக்கிறே. எட்டாவது வளைவு தாண்டியாச்சு பாரு. தோஸ்த், நான் பன்னெண்டு வருஷமா சுண்ணாம்புக் குழியில நிக்கிறேன். தோலோட சேத்து என் காலும் பதமாயிடுச்சு. நானே இன்னும் டெம்ப்ரவரி. நீ நேத்து வந்தவன்.

— ஒண்ணரை வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆமா, சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? பன்னெண்டு வருஷம் எப்படி அப்படியே வெச்சிருக்காங்க?

— சட்டம் இல்லாமலா? ரெண்டு வருஷத்துல நானூத்தி எண்பது நாள் வேலை பாத்துட்டா பர்மனென்ட் பண்ணியே ஆகணும். அதனால நானூத்தி எழுவது ஆச்சுன்னாலே பேரை வெட்டிடுவாங்க. ஒரு மாசம் கழிச்சுப் போனா வேற பேர்ல சேத்துக்குவாங்க. ஆளு அதே ஆளு, பேருதான் புதுசு.

— அதனாலதான் உன்னை மோசஸ்னு கூப்பிடுறாங்களா? நான் பட்டப்பேருன்னு நெனைச்சுக்கினு இருந்தேன்.

— அட நல்லவனே! சேரும்போது மக்பூல் அகமது. அப்புறம் குர்ஷித். அதுக்கப்புறம் நிசார், இன்னும் மூணு நாலு பேரு. நீ சேந்த அன்னிக்கித்தான் நான் மோசஸ் ஆனேன். கூலி வாங்க நின்னா ஸ்தோத்திரம்னு வாயில வந்துடுது.

— யாரு பாய் வெக்கிறது இந்தப் பேரெல்லாம்?

— டைம் ஆபீஸ் ராமமூர்த்திதான். யார் யாரு வேலைக்கி வந்தாங்கன்னு மஸ்டர் நோட்டு எழுதுறாரே, மேனேஜரோட செல்லப் புள்ள. இன்னிக்கி ஞாயித்துக்கிழமை, பொண்டாட்டி புள்ளையோட இருக்க வேண்டிய நாளு. விழாவுக்கு வராதவனுக்கு சனிக்கிழமைக் கூலியும் கட் பண்ணிடுவோம்னு வீடு வீடா சொல்லிட்டுப் போனாரு மகராசன். இப்ப அந்த மஸ்டரையும் கட்டிக்கினு மலை மேல போய் உக்காந்திருக்காரு.

— பாய்! பாய்! செயின் கழண்டுடுச்சு!

— எறங்கு. கைய உள்ள வுடாத, வெரல் போய்டும். நகரு, நான் பாக்குறேன்.

— நீ போ பாய். இப்ப போனா நீதான் ஃபர்ஸ்ட்.

— ஃபர்ஸ்ட் வந்து? எனக்கு எந்த சர்ச் வாசல்ல மாமனார் காத்துக்கினு இருக்காரு?

— விளையாடாத. உனக்கும் வேலை வேணும்தானே?

— வேணும்டா. எவன் வேணாம்னு சொன்னான்? போன வாரம் என் பொண்ணு சைரா கேக்குறா, ஸ்கூல்ல அப்பா பேரு எழுதச் சொன்னாங்க, எந்தப் பேரை எழுதுறதுன்னு. எனக்கு அப்படியே செத்துடலாம்போல இருந்துச்சு. ஆனா இந்த ஆளுங்க குடுப்பாங்கன்னு நான் நம்பல. நம்புறவன் நீ ஒருத்தன்தான். இந்தா, மாட்டிட்டேன். ஏறு.

— கை பூரா கிரீஸு ஆயிடுச்சே.

— சுண்ணாம்பு போவட்டும்னுதான். ஏறுடா!

— பன்னெண்டு... பதிமூணு... பாய், பந்தல் தெரியுது! ஜனம் நிக்குது!

— போ, போ. நிக்காத. எனக்கு செருப்பு வார் அறுந்துபோச்சு.

— பொய் சொல்றே.

— தோல் கம்பெனியில பன்னெண்டு வருஷம், காலுக்கு ரப்பர் செருப்பு. அது அறுந்துபோவுதுன்னா நம்ப மாட்டியா? மிதிடா, மாப்பிள்ளை!

— முதலாவது, டோக்கன் நூத்திப் பதினெட்டு, கிறிஸ்துராஜ்! ரெண்டாவது, டோக்கன் நூத்தி இருபத்தொண்ணு, மோசஸ்! ரெண்டு பேரும் இங்க வாங்க. தண்ணி அப்புறம் குடிக்கலாம். முதல்ல மஸ்டர்ல கையெழுத்து.

— ராமமூர்த்தி சார், உயிர் போவுது. கையெழுத்து எங்கயும் ஓடிடாது.

— போடு மோசஸ். தெளிவாப் போடு. பஸ்ல வந்தவங்க எல்லாம் போட்டாச்சு. கிறிஸ்துராஜு, நீயும் போடு. ஆங். இந்தா உன் பரிசு லெட்டர். மேனேஜர் வெயில் தாங்காம ரூமுக்குப் போய்ட்டாரு, என்னைக் குடுக்கச் சொன்னாரு.

— ‘தங்கள் விளையாட்டுத் திறமையைப் பாராட்டுகிறோம். வருங்காலத்தில் நிரந்தரப் பணியிடம் காலியாகும் பட்சத்தில் தங்கள் பெயர் பரிவுடன் பரிசீலிக்கப்படும்.’

— பரிவுடன்! கேட்டுக்கோ தோஸ்த், பரிவுடன்!

— சார், இது இன்னா சார்? பர்மனென்ட்னுதானே போர்டுல போட்டிருந்துச்சு?

— மேனேஜர் சொன்னாரு, நான் டைப் அடிச்சேன். நாளைக்கி கேட்ல ஒட்டுறதுக்கு இன்னொரு லிஸ்ட்டும் டைப் அடிச்சு வெச்சிருக்கேன். உங்க செட்டு முப்பத்தி மூணு பேரும் நிறுத்தம்.

— நிறுத்தமா? ஜெயிச்சவனையுமா?

— லிஸ்ட்டுல அவன் பேருதான் முதல்.

— பாய்... நான் அவகிட்ட போய் இன்னா சொல்லுவேன்? பதினாலு வளைவு ஏறினேனே பாய். நீ என் மூஞ்சியப் பாக்கத்தானே வந்தே? பாரு. நல்லாப் பாரு.

— பாக்க முடியலடா. ராமமூர்த்தி சார், எங்களை ஓடவெச்சு வேடிக்கை பாத்துட்டு, வயித்துலயும் அடிக்கிறீங்களே, உங்களுக்கு சோறு எறங்குதா? குடு தோஸ்த் அந்த லெட்டரை. கிழிச்சு இவர் மேலயே எறியறேன். இந்த மஸ்டரையும் கிழிக்கிறேன்!

— லெட்டரைக் கிழி. மஸ்டர்ல கை வெச்சே, கையை ஒடிச்சுடுவேன். உனக்குப் படிக்கத் தெரியுமில்ல? உன் கையெழுத்துக்குப் பக்கத்துல இன்னா நம்பர் எழுதியிருக்கு?

— நானூத்தி... எண்பது.

— எழுவதுலயே வெட்டியிருக்கணும். வெளிநாட்டு ஆர்டர் அவசரம்னு மேனேஜர் நேத்து வரைக்கும் உங்களை இழுத்தாரு. நேத்தோட நானூத்தி எழுபத்தொன்பது. இன்னிக்கி டூட்டி. கீழ பாரு, அவர் கையெழுத்து.

— அவர் எப்படி சார் போட்டாரு?

— டூட்டின்னு போடலைன்னா ஒருத்தனும் கைதட்ட வரமாட்டான், முதலாளி முன்னாடி உங்க மானம் போய்டும்னு சொன்னேன். போட்டுட்டாரு. ரேஸ் வெக்கலாம்னு அவருக்கு யோசனை சொன்னதும் நான்தான்.

— அப்போ சட்டப்படி... பாய், நாம ரெண்டு பேரும்...

— இரு தோஸ்த், ஒரு நிமிஷம். சார், அப்போ ரிடையர் ஆவுற வரைக்கும் நான் மோசஸா?

— ஆயிட்டுப் போ. பைபிளாடா படிக்கச் சொல்றேன்?

— எங்களுக்காக நீங்க எதுக்கு சார் மேனேஜரைப் பகைச்சுக்கிறீங்க? ஆபீஸ் உத்தியோகம், தலைக்கு மேல ஃபேனு. உங்களுக்கு இன்னா கொறைச்சல்?

— மஸ்டர்ல கடைசிப் பேரைப் படி.

— முப்பத்தி மூணு. அமிர்தவள்ளி. யாரு சார் இது? நம்ம செட்டுல பொம்பளையே கிடையாதே.

— நான்தான். ஒன்பது வருஷத்துல எனக்குப் போட ஆம்பளைப் பேரு தீர்ந்துபோச்சு.