கடலுக்குப் போன கதவு

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் மீன் விற்கிற பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவள் சொன்னாள்: "எங்க வூட்டுக் கதவு இப்ப கடல்ல கீது."

இளையவள் திரும்பினாள். "இன்னாக்கா சொல்ற?"

"படகுல இன்ஜின் மாட்டுற பின்பலகை ஊறிப்போச்சு. வுட்டிருந்தா இன்ஜினே கடல்ல வுழுந்திருக்கும்."

"பிளைவுட் போடறதுதானே?"

"ஊறிப்போனதே அதான். நான்தான் வூட்டுக்காரர்கிட்ட கதவைக் கழட்டச் சொன்னேன். நல்ல தேக்கு. ரெண்டா அறுத்து ஒட்டி, மேல ஃபைபர் பூசியாச்சு. இப்ப இன்ஜின் அசையல."

"வூடு தொறந்து கெடக்குமே?"

"பழைய பொடவை தொங்குது. திருட வர்றவன் கருவாட்டு நாத்தத்துலயே ஓடிருவான்."

"வெள்ளிக்கிழமையானா கதவுக்கு மஞ்சள் குங்குமம் வெப்பியே?"

"இன்னிக்கும் வெச்சுட்டுத்தான் வரேன். கரைக்குப் போயி, படகுக்குப் பின்னால."